எட்டாம் நம்பர் மலைக்கு ஒரு ரொட்டி

பதிவுக் கொப்பியில் சுந்தரியின் பெயருக்கு எதிரே 'சரிவராது' என்று எழுதியது நான்தான். பென்சிலால் எழுதினேன். ஆனாலும் எழுதினேன்.

கண்டியில் எங்கள் கிளினிக்கில் அப்போது ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. சின்ன வயதிலேயே சீனி வருத்தம் வந்து, இன்சுலின் இல்லாமல் ஒரு நாளும் கழிக்க முடியாத பன்னிரண்டு பேரைத் தெரிந்தெடுத்து, ஆறு மாதத்துக்கு ஆளுக்கொரு மெஷின் கொடுத்திருந்தோம். கையின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வட்டத் துண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை உடம்பின் சீனியை அளந்து சொல்லும். இடுப்பில் செருகிய சின்னப் பெட்டி அதைக் கேட்டு, வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாக இன்சுலினைத் தானாகவே கூட்டியும் குறைத்தும் விடும். சீனி இறங்கினால் நிறுத்திக்கொள்ளும், ஏறினால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டும். சாப்பாட்டை மட்டும் அதைப் போட்டிருப்பவர்தான் அதற்குச் சொல்ல வேண்டும். இத்தனை கிராம் மாப்பொருள் சாப்பிடப் போகிறேன் என்று கால் மணி நேரம் முன்பே பொத்தானை அழுத்திச் சொன்னால்தான் சாப்பாட்டுக்குப் பிறகு சீனி குதிக்காது.

பதினொரு பேர் பாங்கில், பள்ளிக்கூடத்தில், கடையில் வேலை செய்கிறவர்கள். பன்னிரண்டாவது ஆள் சுந்தரி. மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். வயது முப்பத்தெட்டு, படிப்பு ஐந்தாம் வகுப்பு. மெஷினில் எல்லாம் இங்கிலிஷ். நான் வேண்டாமென்றுதான் சொன்னேன். டொக்டர் ஸாகிதான் விடவில்லை. "அவவுக்குத்தான் மத்த எல்லாரையும் விடத் தேவை ஈக்குது" என்றார்.

நான்காம் மாதம் அவளுடைய மெஷினிலிருந்து அந்த மாதத்து விவரங்களைக் கொம்பியூட்டரில் இறக்கிப் பார்த்தபோது எனக்கு மனம் குழம்பியது. சாப்பாட்டுத் தாளில் அவளுடைய மகள் அழகான கையெழுத்தில் தினமும் 'காலை: ரொட்டி 2' என்று நிரப்பியிருந்தாள். இரண்டு தேங்காய் ரொட்டியென்றால் குறைந்தது தொண்ணூறு கிராம் மாப்பொருள். ஆனால் மெஷினுக்கு அவள் காலையில் சொன்ன கணக்கு இருபது. மறுநாள் முப்பது. பிறகு மூன்று நாள் இருபது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொண்ணூறு. பத்து மணிக்கு இன்னொரு சின்ன எண். அது தேத்தண்ணிச் சீனியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"கோடு எப்படி ஈக்குது?" என்று டொக்டர் கேட்டார். சீனி ஏறி இறங்கும் கோட்டைக் கேட்கிறார்.

"கோடு நல்லாத்தான் இருக்கு, டொக்டர். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு. தொண்ணூறு சாப்பிட்டுட்டு இருபதெண்டு சொன்னா மேல போய் நிக்கோணுமே. அவ சாப்பிடுறேல்லப் போல. விழுந்திடுவன் எண்ட பயத்தில பட்டினி கிடந்திட்டு, தாளில பொய் எழுதுவிக்கிறா."

அதிலே இன்னொரு சிக்கலும் இருந்தது. மெஷின் கிடைப்பதற்கு முன்பு சுந்தரி இரண்டு தடவை கொழுந்து எடுக்கும் மலையில் சீனி இறங்கி மயங்கி விழுந்திருக்கிறாள். அதனால் தோட்டத்தில் அவளை மலைக்கு விடலாமா கூடாதா என்று டொக்டரின் கடிதம் கேட்டிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் கடிதம் வராவிட்டால் தோட்டத்து வேலைப் பதிவிலிருந்து அவள் பெயரை வெட்டிவிடுவார்கள். அந்த வீட்டில் தோட்டத்தில் பெயர் உள்ளவள் அவள் ஒருத்திதான். பெயர் போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவுக்கும் கேள்வி வரும்.

டொக்டர் ஸாகி என் பென்சில் எழுத்தைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நிரஞ்சலா, நீங்க ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வாங்களே. பாத்துட்டு வந்து பேனையால எழுதுங்க."

*

வத்தேகமையில் பஸ் மாறி, பன்விலை தாண்டி, மடுல்கெல்லச் சந்தியில் இறங்கியபோது பின்னேரம் நான்கு மணி. ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. சுந்தரியின் புருசன் யோகேந்திரன் குடையோடு நின்றான். ஒல்லியான மனிதன். பக்கத்துக் கிராமத்தில் போஞ்சித் தோட்டமொன்றில் கூலிக்கு நிற்கிறான்.

"வாங்க மிஸ்ஸி. நடக்கணும். ஒரு மைலுதான், ஆனா மேல" என்று என் பையை வாங்கிக்கொண்டான். அங்கே நேர்ஸ்மாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

நடக்கும்போது அவனே பேச்சை எடுத்தான். "என்னா மிஸ்ஸி, மெஷின வாங்கிட்டுப் போவவா வந்தீங்க?"

"இல்லை. பாக்கத்தான் வந்தனான்."

அவன் நம்பியதாகத் தெரியவில்லை. கொஞ்ச தூரம் போய்ச் சொன்னான். "மொதத் தடவ விழுந்தப்ப எல்லாரும் பேய்னுதான் சொன்னாங்க. வேப்பிலை அடிச்சாங்க. ரெண்டாந் தடவ பாறையில மண்டை அடிபட்டுச்சு. அப்புறம் நா கீழ போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கிட்டு இருந்தாலும் கண்ணு மேல மலையிலதான் இருக்கும். சனங்க ஒரு எடத்துல கூட்டமா கூடிட்டாங்கன்னா கம்பப் போட்டுட்டு ஓடுவேன். பாதி நாளு அவுங்க தேத்தண்ணி குடிக்கக் கூடியிருப்பாங்க." சிரித்தான். "இப்ப நாலு மாசமா ஓடல."

சுந்தரி வாசலில் நின்றாள். கட்டையான, அகலமான தோள்கள் உள்ள பெண். கிளினிக்கில் கதிரை நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "சரிங்க மிஸ்ஸி" என்பவள், தன் வீட்டில் வேறு மாதிரி இருந்தாள். எனக்குக் கால் கழுவச் சுடுதண்ணி, துடைக்கத் துவாய், குடிக்க இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணி எல்லாம் நான் கேட்கும் முன்பே வந்தன. மகள் திலக்சனா பள்ளிச் சட்டையோடு மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

ராச்சாப்பாட்டுக்குச் சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல். நான் பையிலிருந்து டிஜிட்டல் தராசை எடுத்துத் தரையில் வைத்தேன். சுந்தரி அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சோத்தப் போடுங்கோ. நிறுத்துப் பாப்பம்" என்றேன்.

அவள் அகப்பையால் இரண்டு தரம் அள்ளிக் கோப்பையில் போட்டாள். கோப்பையைக் கையில் ஏந்தி இலேசாக ஒருமுறை மேலே தூக்கிப் பிடித்தாள். "இருநூறுக்குக் கொஞ்சூண்டு கம்மி" என்றாள்.

தராசில் வைத்தேன். கோப்பையின் பாரத்தைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூற்று நான்கு.

தற்செயலாக இருக்கும் என்று நினைத்து, நாளைக்கு வைத்திருந்த மாவைப் பிசையச் சொன்னேன். ஒரு உருண்டை பிய்த்தாள். "நூத்தி இருவது." தராசு நூற்றுப் பதினெட்டு காட்டியது. அடுத்ததும் நூற்றுப் பதினெட்டு. தக்காளி, வாழைப்பழம், என் கைப்பையிலிருந்த பிஸ்கட் பெட்டி என்று நான் கொடுத்துக்கொண்டே இருந்தேன். திலக்சனா பாடத்தை விட்டுவிட்டு வந்து தராசு எண்ணை வாசித்துச் சொன்னாள். அவள் கணக்கு அதிகம் பிழைத்தது பிஸ்கட் பெட்டியில்தான், ஏழு கிராமால்.

"எப்பிடி?" என்றேன்.

"பதினாறு வயசுல இருந்து கொழுந்து எடுக்குறேன் மிஸ்ஸி. கொழுந்து நிறுக்குற மடுவத்துல தராசு சரியாத்தான் காட்டுதான்னு பாக்க எங்ககிட்ட வேற என்னா இருக்கு? கைதான்."

நாங்கள் பன்னிரண்டு பேருக்கும் கொடுத்த தராசு அலுமாரி மேல், பெட்டி பிரிக்காமல் இருந்தது. கிளினிக்கில் மூன்று வகுப்பு வைத்து மற்றவர்களுக்கு நான் படிப்பித்தது இதைத்தான். பாங்க்காரப் பெண் இன்னும் சோற்றை முப்பது கிராம் பிழையாகத்தான் சொல்கிறாள்.

அப்படியானால் இவளுக்கு அளவு தெரியும். தெரிந்துகொண்டுதான் இருபது என்று அழுத்துகிறாள். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

*

விடிய ஐந்து மணிக்கே அடுப்பில் ரொட்டி வாசம். தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் வெங்காயமும் போட்டுத் தட்டிய தடித்த ரொட்டி. கட்டைச் சம்பல். சுந்தரி ஒரு ரொட்டியை எடுத்துத் தன் கோப்பையில் வைத்தாள். இன்னொன்றை வாழையிலைத் துண்டில் சுற்றி டப்பாவுக்குள் வைத்தாள்.

"ரெண்டெண்டு எழுதியிருக்கு?"

"ரெண்டுதான் மிஸ்ஸி. ஒன்னு இப்ப, ஒன்னு மலையில. புள்ள ஒன்னாச் சேத்து எழுதிருது. அந்தத் தாள்ல காலை, பகல், ராத்திரினு மூனு கட்டந்தானே இருக்கு."

அவள் மெஷினை எடுத்தாள். முதலில் ஒரு பொத்தானை அழுத்தி, உடம்பு வேலை செய்யப் போகிறது, இன்சுலினை அடக்கி விடு என்று சொல்லும் அமைப்பை இயக்கினாள். அதை நாங்கள் சொல்லிக் கொடுத்திருந்தோம், ஆனால் யாரும் பாவித்து நான் கண்டதில்லை. பிறகு சாப்பாட்டுக் கணக்கு. இருபது.

"சுந்தரி, அந்த ரொட்டி நாப்பத்தஞ்சு."

"ஆமாங்க. நாப்பத்தஞ்சுதான்."

"பிறகேன் இருபதெண்டு போட்டனீங்கள்?"

 யோகேந்திரன் அடுப்படியில் கையிலிருந்த விறகைப் போடாமல் அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தான்.

"இன்னைக்கு எட்டாம் நம்பர் மலை மிஸ்ஸி" என்றாள். "மத்தத மலை தின்னுரும்."

எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கண்டு, அவள் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டபடியே சொல்லத் தொடங்கினாள். கிளினிக்கில் நான்கு மாதத்தில் அவள் பேசியதை எல்லாம் கூட்டினாலும் இவ்வளவு வராது.

"மொத மூனு வாரம் நீங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். தொண்ணூறுன்னா தொண்ணூறு. ஏழரைக்கு மலையில கால் வைப்பேன். எட்டரைக்கெல்லாம் கீக்கீன்னு கத்தும், சீனி எறங்குதுன்னு. மெஷின் மருந்த நிறுத்திரும், சரி. ஆனா காலையில ரொட்டிக்குன்னு குடுத்தது குடுத்ததுதானே? அத அது திருப்பி எடுக்க முடியுமா? உள்ளுக்குள்ள அது வேல செய்யுது, நா ஏறுறது ஒரு பக்கம் இழுக்குது. தேங்கா ரொட்டியோ மெதுவாத்தான் கரையும். எறங்குன சீனிக்குச் சக்கரைய வாயில போட்டா, பத்து மணிக்கு ரொட்டியும் சக்கரையும் சேந்து மேல போயிரும். தெனமும் அதேதான். அப்புறம் யோசிச்சேன். ஒரு ரொட்டிய மேல கொண்டு போயிட்டேன். கீழ திங்கிற ரொட்டிக்கு முப்பதுன்னு சொல்லிப் பாத்தேன், அப்பவும் கத்துச்சு. இருவதுன்னு சொன்னேன், கத்தல."

"முப்பதெண்டும் சில நாள் போட்டிருக்கே?"

"அது ரோட்டோர மலை. அங்க ஏத்தம் கம்மி. எட்டு மொத்தமும் செங்குத்து. காட்டோர மலைன்னா பதினஞ்சு, ஏன்னா போய்ச் சேரவே முக்கா மணி நேரம் ஏறணும். ஞாயித்துக்கெழம வீட்டுல இருப்பேன், ரெண்டையும் ஒக்காந்து தின்னுட்டு தொண்ணூறுன்னு போடுவேன்."

"இப்பிடிச் செய்யச் சொல்லி ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லல மிஸ்ஸி."

"எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே?"

 யோகேந்திரன்தான் பதில் சொன்னான். "சொன்னா பெசகு பண்றானு மெஷின வாங்கிருவீங்கன்னு நாந்தான் வேணான்னேன்."

பையில் என் பதிவுக் கொப்பி இருந்தது, பென்சில் எழுத்தோடு. நான் ரொட்டியைச் சாப்பிட்டேன். நல்ல ரொட்டி. 

*

ஏழு மணிக்குப் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பினார் கணக்கப்பிள்ளை ஐயாத்துரை. அறுபதை நெருங்கிய மனிதர், காக்கிக் காற்சட்டை, கையில் குடை. என்னைக் கண்டதும் தனியாகக் கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, நீங்க என்னயப் பத்தி தப்பா நெனக்கப்புடாது. ரெண்டாந் தடவ அவ விழுந்தப்ப நாந்தான் தோள்ல போட்டுக்கிட்டு எறங்குனேன். எட்டாம் நம்பர்ல இருந்து ரோட்டுக்கு. வழியெல்லாம் ரத்தம். மூச்சு இருக்கா இல்லியான்னு பாக்கக்கூட நிக்கல. அவ பேர வெட்டணும்னு எனக்கு ஆச இல்ல. இன்னொரு தடவ தூக்க முடியாது, அவ்வளவுதான்."

"விளங்குது" என்றேன்.

"கடதாசியில எழுதிக் குடுங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

எட்டாம் நம்பர் மலையில் ஏறும்போதுதான் அவள் சொன்ன செங்குத்து என்ன என்று என் முழங்கால் அறிந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு நிலம் இப்படியெல்லாம் நிற்கும் என்று கண்டியில் பதினொரு வருடம் இருந்தும் பழகவில்லை. தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு அடி அகலத் தடம், அதுவும் ஈரம். சப்பாத்துக்குள் அட்டை ஏறிவிட்டது. மூடுபனி நக்கிள்ஸ் மலைப் பக்கமிருந்து இறங்கி வந்து, பத்தடி தள்ளி நிற்கும் பெண்களை மறைத்தது. பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

சுந்தரி இடுப்பில் கனத்த படங்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். செடி கிழிக்காமலும் மழை நனைக்காமலும் இருக்க எல்லாப் பெண்களும் அப்படித்தான் கட்டுவார்கள். மெஷின் அதற்குள்ளே, பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. தலையில் கயிற்றை மாட்டிக் கூடை முதுகில். இரண்டு கையும் செடியின் மேல் ஓடின. பார்த்துப் பறிக்கிறாள் என்றே சொல்ல முடியாது. கண் ஒரு செடி முன்னால் இருந்தது, கை பின்னால் வந்துகொண்டிருந்தது. என்னோடும் பேசினாள், மேல் வரிசையில் இருந்தவளோடும் பேசினாள்.

எட்டரைக்கு நான் கேட்டேன், "எவ்வளவு?"

படங்கை விலக்கிப் பார்த்தாள். "நூத்திப் பத்து. அம்பு படுத்திருக்கு." அம்புக்குறி மேலுமில்லை, கீழுமில்லை என்கிறாள். ஒன்பதுக்குத் தொண்ணூற்றெட்டு. ஒன்பதரைக்குத் தொண்ணூற்றிரண்டு. மெஷின் ஒரு தடவையும் கத்தவில்லை. நான்தான் அடிக்கொரு தடவை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தது. பெண்கள் வாய்க்கால் ஓரமாகக் கூடி உட்கார்ந்தார்கள். சுந்தரி கையைக் கழுவி, மெஷினில் முப்பது என்று சொல்லிவிட்டு, வாழையிலையைப் பிரித்தாள். பாதியைப் பிய்த்து என்னிடம் நீட்டினாள்.

"வேண்டாம், கணக்குப் பிழைச்சிடும்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். "மிஸ்ஸிக்கு வேற ரொட்டி இருக்கு" என்று இன்னொருத்தி தன்னுடையதை நீட்டினாள். மூடுபனி அதற்குள் கலைந்திருந்தது. கீழே போஞ்சித் தோட்டத்தில் யோகேந்திரனின் சிவப்புத் தொப்பி ஒரு புள்ளியாகத் தெரிந்தது. நாங்கள் கூட்டமாகத்தான் இருந்தோம். அவன் ஓடவில்லை, கம்பு நட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு மழை பிடித்தது. பெரிய மழையில்லை, விடாத மழை. பெண்கள் தலையில் பொலித்தீனைப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார்கள். பதினொரு மணிக்கு நான் கேட்டபோது சுந்தரி, "நூத்தித் தொண்ணூறு, மேல பாக்குது" என்றாள். கால் மணி கழித்து இருநூற்றி இருபது.

"ரொட்டிக்குக் குறைச்சுச் சொல்லிப் போட்டீங்கள்" என்றேன். உண்மையைச் சொன்னால், எனக்குள்ளே ஒரு மூலையில் சின்னத் திருப்தி. "இன்னும் கொஞ்சம் இன்சுலின் போடச் சொல்லுங்கோ. மேலதிகமா அழுத்துங்கோ."

சுந்தரி கையை நிறுத்தினாள். தேத்தண்ணி நேரம் போக, அன்று காலையிலிருந்து முதல் தடவையாக.

"இல்ல மிஸ்ஸி. இந்த மலையில, பத்து மணி ரொட்டிக்கு முப்பது சொன்னா, எனக்கு நூத்தி அறுவதுக்கு மேல போனதேயில்ல. மழைன்னாலும் போவாது. எங்கயோ பெசகு."

படங்குக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவினாள். விரலை எடுத்து மூக்கருகே வைத்தாள். பிறகு என் மூக்கருகே நீட்டினாள். மழையையும் பச்சைத் தேயிலையையும் மீறி, ஆஸ்பத்திரி வாட்டில் இருபது வருடமாக எனக்குப் பழகிய அந்த மருந்து வாசம்.

"குழாய் கழண்டிருக்கு. தேயிலைக் கொப்பு இழுத்திருக்கும். பத்து மணி மருந்து அத்தனையும் துணியிலதான் போயிருக்கு."

 என் பேச்சைக் கேட்டு அவள் அழுத்தியிருந்தால் அதுவும் துணிக்குத்தான் போயிருக்கும். கொடுத்தாயிற்று என்றுதான் மெஷின் காட்டும். போய்ச் சேர்ந்ததா என்று அதற்குத் தெரியாது. உடம்புக்குள் ஒன்றும் போகாமல் மணிக்கணக்காகச் சீனி ஏறிக்கொண்டே இருந்திருக்கும்.

"அக்கா, மறைச்சிக்கிங்க" என்று சுந்தரி குரல் கொடுத்தாள்.

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. நான்கு பெண்கள் கூடையை இறக்கிவிட்டு வந்து, தங்கள் படங்குகளை அவிழ்த்து விரித்துப் பிடித்தார்கள். ஒருத்தி பொலித்தீனைக் கூரையாகப் பிடித்தாள். அந்தச் சின்ன அறைக்குள் சுந்தரி உட்கார்ந்தாள். டப்பாவின் அடியில் புதுக் குழாய், ஊசிக்கருவி, பஞ்சு எல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றி இருந்தன. கையில் ஒட்டியிருந்த தேயிலைக் கறையைச் சவர்க்காரத் துண்டால் மழைத்தண்ணியிலேயே கழுவி, வெள்ளைத் துண்டால் துடைத்தாள். பழையதை உரித்தாள். ஒரு சாண் தள்ளி இடம் பார்த்தாள். அங்கே துடைத்து, காயவிட்டு, பொருத்தி அழுத்தினாள். டக்கென்று சத்தம். குழாயில் காற்று இருக்கிறதா என்று முதலே வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்திருந்தாள். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நேர்ஸ் என்று நான் அங்கே செய்தது, மருந்துப் பஞ்சுப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தது மட்டும்தான்.

"இப்ப எவ்வளவு போடப் போறீங்கள்?" என்று கேட்டேன். சொல்லவில்லை, கேட்டேன்.

"ரொட்டிக்குக் குடுத்தது சேரல. ஆனா அரமணி நேரத்துல மடுவத்துக்கு எறங்கணும், கூடையும் பாரம். பாதி இப்ப போடுறேன். மிச்சத்த மெஷின் பாத்துக்கும். கீழ போயி எறங்கலன்னா அப்பப் பாப்போம்."

படங்கு பிடித்தவர்கள் அதை உதறிக் கட்டிக்கொண்டு, விட்ட செடியிலிருந்து தொடர்ந்தார்கள்.

பன்னிரண்டரைக்குக் கொழுந்து மடுவத்தில் நிறுக்கும்போது இருநூற்றுப் பத்து, அம்பு கீழே சாய்ந்திருந்தது. ஒன்றரைக்கு நூற்று முப்பத்தைந்து. தராசில் அவள் கொழுந்து பதினோரு கிலோ. "பதினொன்னும் ஒரு பிடியும்" என்று அவள் முதலே சொல்லியிருந்தாள்.

ஐயாத்துரை என்னருகே வந்தார். மேலே படங்குகள் விரிந்ததை அவர் ரோட்டிலிருந்து பார்த்திருக்கிறார்.  "விழுந்துட்டாளோன்னு நெனச்சேன் மிஸ்ஸி. நாலு எட்டு ஏறிட்டேன்கூட. அதுக்குள்ள எந்திரிச்சிக் கொழுந்து எடுக்குறா."

"கடிதம் வரும்" என்றேன். டொக்டரைக் கேட்காமல் அப்படிச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லிவிட்டேன்.

பின்னேரம் சந்தி வரைக்கும் சுந்தரி என்னோடு வந்தாள். பஸ்ஸுக்கு நின்றபோது, எனக்கு மனதில் கிடந்ததைச் சொன்னேன். "ஆறு மாதம் முடிய மெஷினைத் திருப்பிக் குடுக்கோணும், சுந்தரி. அது தெரியுந்தானே?"

"தெரியும் மிஸ்ஸி. குடுத்துருவேன்." சந்திக் கடையில் அடுக்கியிருந்த பாணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆனா எந்த மலைக்கு எவ்வளவு ரொட்டின்னு இப்ப எனக்குத் தெரியும். ஊசிதான் போடணும்னாலும் அத வச்சி ஒரு மாதிரி ஓட்டிருவேன். முன்ன மாதிரி குருட்டுத்தனமா இல்ல."

*

திங்கட்கிழமை டொக்டர் ஸாகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் அழுத்தச் சொன்னதையும் சேர்த்து.  முடிந்ததும் கடிதத்தாளை எடுத்து அவரே கைப்பட எழுதினார். மலையில் வேலை செய்யத் தகுதியானவர், தன் நோயை எங்களைவிட நன்றாக நிர்வகிக்கிறார் என்று. "'எங்களைவிட' எண்டு எழுதலாமா டொக்டர்?" என்றேன். "ஏன், பிழையா?" என்றார். அப்படியே சீல் குத்தி அனுப்பினோம். சுந்தரியின் பெயர் வெட்டப்படவில்லை.

மெஷினுக்காக அவர் மூன்று இடத்துக்கு எழுதினார், இரண்டு இடத்துக்கு நேரே போனார். கடைசியில் பன்னிரண்டில் ஐந்து பேர் இன்னும் ஒரு வருடத்துக்கு வைத்திருக்கலாம் என்று அனுமதி வந்தது. அதில் சுந்தரி ஒருத்தி. ஒரு வருடத்துக்குப் பிறகு என்ன என்று இதை எழுதும்போது எனக்குத் தெரியாது.

கடிதம் போன பிறகு வந்த முதல் கிளினிக் நாளில் பன்னிரண்டு பேரும் வந்திருந்தார்கள். சுந்தரியை நாலு வார்த்தை பேசச் சொன்னார் டொக்டர். அவள் எழுந்து நின்று, "நா என்னா பேசுறது" என்று சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்போது ஜமால்தீன் நானா குறுக்கே பேசினார். அக்குறணையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், ஐம்பத்தைந்து வயது, நாற்பது வருடத்துச் சீனிக்காரர்.

"டொக்டர், இந்த மெஷின்தான் பிழை. நான் ஒண்டும் விடாம நிறுத்துத்தான் தின்னிய. மூணு ஆப்பம் எண்டா மூணு ஆப்பம், ஒழுங்காச் சொல்லிய. எண்டாலும் கெழமைல ரெண்டு நாளைக்குப் பதினொரு மணியாகச் சொல்ல வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கல்லாவில சாஞ்சி போற. நீங்களும் மூணு தரம் நம்பர மாத்திப் போட்டீங்க. ஒண்டும் சரிவரல்ல."

உண்மை. நான் அவரிடம் நாலு மாதமாக ஆப்பத்தைப் பற்றி, சம்பலைப் பற்றி, தேங்காய்ப்பாலைப் பற்றி எல்லாம் கேட்டிருந்தேன்.

சுந்தரி திரும்பி அவரைப் பார்த்தாள். "சாப்பிட்டுட்டு என்னா வேல செய்வீங்க நானா?"

"வேலயா? நான் மொதலாளி. கல்லாவில குந்திட்டு ஈக்கிய."

"தெனமுமா?"

"தெனமுந்தான். சீமெந்து லொறி வார நாள்ல மட்டும், ஆள் காணாது எண்டா, நானும் சேந்து மூட்ட எறக்கிய."

"லொறி என்னிக்கு வரும்?"

"திங்களும் வியாழனும்."

"மயக்கம் என்னிக்கு வருது?"

"அதுதான் சொன்னேனே, கெழமைல ரெண்டு நாள். திங்..."

ஜமால்தீன் நானா சுவரிலிருந்த கலண்டரைத் திரும்பிப் பார்த்தார். டொக்டர் என்னைப் பார்த்தார். பதினொரு வருடத்தில் எத்தனை நூறு பேரிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருப்பேன். சாப்பிட்டுவிட்டு என்ன செய்தீர்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

சுந்தரி தன் கதிரையை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எத்தன மூட்ட நானா? படியேறிக் கொண்டு போறதா, இல்ல ரோட்டுலயே எறக்கி வைக்கிறதா?"

அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நான் பேனையைத் திறந்தேன்.